ஆயில் பெயிண்டிங்கில் லின்சீட் ஆயில்: எப்போது, எவ்வளவு, எப்படி

ட்யூபிலிருந்து பிதுக்கி எடுக்கும் ஆயில் கலரில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது. நிறமித் தூளை எண்ணெயில் அரைத்துத்தான் அந்த வண்ணமே தயாராகிறது. பெரும்பாலான வண்ணங்களில் அது லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய். நிறமி கேன்வாஸில் உறுதியாக ஒட்டி நிற்கத் தேவையான எண்ணெய் ட்யூபுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அப்படியானால் தனியாக ஒரு பாட்டில் லின்சீட் ஆயில் எதற்கு?

என் கணக்கில் அதற்கு நான்கு காரணங்கள்தான் உண்டு. வண்ணம் தூரிகையிலிருந்து தடையில்லாமல் ஓட வேண்டும். மேலடுக்குகளுக்கு நெகிழ்வு கூட வேண்டும். ஒளி ஊடுருவும் மெல்லிய கிளேஸ் பூச வேண்டும். மங்கிப்போன இடத்தில் நிறத்தின் ஆழத்தை மீட்க வேண்டும். இந்த நான்கில் எது இப்போது தேவை என்று தெரியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். "வண்ணம் கெட்டியாக இருக்கிறதே, கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொள்வோம்" என்று கை தானாகப் போகும் பழக்கம்தான் சுருக்கம், மஞ்சள் படிதல், மாதக்கணக்கில் காயாத பிசுபிசுப்பு எல்லாவற்றுக்கும் வழிவிடுகிறது. குறைவாகச் சேர்த்ததால் கெட்ட ஓவியத்தைவிட அதிகமாகச் சேர்த்ததால் கெட்ட ஓவியங்களே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணெய் எப்படிக் காய்கிறது

வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகிப் போனதும் வேலை முடிந்தது. லின்சீட் ஆயில் ஆவியாவதில்லை. அதில் பாதிக்கும் மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கும். அந்த அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களில் வினைபுரிய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரவம் ஒரு திடமான படலமாக மாறுகிறது. ஆக்சிஜனை உள்வாங்குவதால் காயும் கட்டத்தில் எண்ணெயின் எடை கூடவே செய்யும். தரை விரிப்பான லினோலியம் 1860களில் உருவானதும் எண்ணெயின் இதே குணத்தால்தான்.

இது வேதியியல் பாடம் மாதிரி தெரிந்தாலும், வேலையில் கடைப்பிடிக்கும் விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ஆக்சிஜன் மேலிருந்து உள்ளே போகிறது. அதனால் எண்ணெய் மிகுந்த தடித்த பூச்சில், பால்மேல் ஆடை படிவதைப் போல, மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். உள்பகுதி பிறகு மெல்ல இறுகும்போது மேலே இருக்கும் படலம் சுருங்கி மடிப்பு மடிப்பாக ஆகும். காற்றோட்டமும் வெளிச்சமும் வெதுவெதுப்பும் இருந்தால் சீக்கிரம் காயும். குளிரிலும் ஈரப்பதத்திலும் இருட்டிலும் தாமதமாகும். தொட்டால் ஒட்டவில்லை என்ற நிலை சில நாட்களில் வரலாம், ஆனால் உள்ளே வினை மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நடந்துகொண்டேதான் இருக்கும்.

எந்த எண்ணெயை வாங்குவது

ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் ஐந்தாறு பெயர்களில் பாட்டில்கள் இருக்கும். ஆரம்பிப்பவருக்கு ஒன்று போதும்: சுத்திகரித்த லின்சீட் ஆயில். வெளிர் நிறம், நிதானமாகக் காயும், எல்லா வேலைக்கும் ஏற்றது. கோல்டு பிரெஸ்டு என்று வருவது சூடாக்காமல் பிழிந்த எண்ணெய். கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக இருக்கும், நிறமியை நன்றாக நனைக்கும். வண்ணத்தைச் சொந்தமாக அரைப்பவர்கள் அதை விரும்புவார்கள்.

இரண்டாவதாக ஒன்று வாங்குவதானால் ஸ்டாண்ட் ஆயில். லின்சீட் எண்ணெயைக் காற்றுப் படாமல் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் சூடாக்கித் தயாரிப்பது இது. தேன் போலக் கெட்டியாக இருக்கும். தூரிகைத் தடம் தெரியாமல் வண்ணம் தானாகவே சமன்பட்டுவிடும்; மஞ்சளாவது குறைவு; காய்ந்த படலம் நல்ல நெகிழ்வுடன் இருக்கும். காய மட்டும் நாளாகும். அப்படியே பயன்படுத்த முடியாது, டர்பன்டைன் போன்ற கரைப்பானில் இளக்கிக்கொள்ள வேண்டும். கிளேஸ் பூசுவதில் ஆர்வம் உள்ளவர்கள் இதை விடவே மாட்டார்கள். வெயிலிலும் காற்றிலும் வைத்துத் தடிக்க வைத்த சன் திக்கன்டு ஆயிலும் கெட்டியாகவே இருக்கும், ஆனால் அது சீக்கிரம் காயும்.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஹார்டுவேர் கடையில் மரச்சாமான்களுக்காக விற்கும் பாயில்டு லின்சீட் ஆயில் ஒன்று. பெயரில்தான் கொதிக்க வைத்தது. உண்மையில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்தது. ஓவியத்தில் போட்டால் நிறம் கருக்கும். இன்னொன்று, சாப்பிட விற்கும் ஆளி விதை எண்ணெய். அது கெட்டுப்போகாமல் இருக்க வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் சேர்ப்பதுண்டு. நமக்கோ ஆக்சிஜனேற்றம் நடந்தால்தான் வண்ணமே காயும்!

வால்நட், பாப்பி, சாஃப்ளவர் எண்ணெய்களும் ஆயில் பெயிண்டிங்கில் புழங்குபவைதான். மஞ்சளாவது குறைவு என்பதால் வெள்ளை, வெளிர் நீலம் போன்ற வண்ணங்களைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சாஃப்ளவர் எண்ணெயில் அரைக்கிறார்கள். ஆனால் இவை லின்சீடைவிட மெதுவாகக் காயும். பாப்பி, சாஃப்ளவர் இரண்டின் படலமும் உறுதி குறைந்தது. ஆகவே அடித்தளத்தில் வேண்டாம், மேலடுக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: சாஃப்ளவரில் அரைத்த டைட்டானியம் வெள்ளையை முதல் அடுக்கில் தாராளமாகப் பூசினால், அது காய்வதற்குள் மேலடுக்குகள் காய்ந்துவிடும். எந்த எண்ணெயில் அரைத்தது என்று பல ட்யூப்களின் பின்புறம் அச்சிட்டிருப்பார்கள். ஒரு நிமிடம் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பாட்டிலைத் திறக்கும் முன்: துடைக்கும் துணி

இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இதுதான். லின்சீட் ஆயில் காயும்போது வெப்பம் வெளிவரும். கேன்வாஸில் அது காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியையும் காகிதத்தையும் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளேயே சேர்ந்து சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆம் தளத்தில் தீப்பிடித்தது. மரப் பலகைகளைப் புதுப்பித்த வேலையில் மிஞ்சிய லின்சீட் ஆயில் துணிகள்தான் காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

துணியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், வெளியில் தொங்கவிட்டு விறைப்பாகும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் முழுவதும் மூழ்கும்படி போட்டு வையுங்கள். "நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடக் கூடாத வேலை இது.

தளம்

பூச்சு எதுவும் இல்லாத வெறும் கேன்வாஸில் எண்ணெய் நேராகப் பட்டால், அதிலுள்ள அமிலத்தாலும் ஆக்சிஜனேற்றத்தாலும் காலப்போக்கில் நூல் நைந்து உடையும். காகிதத்துக்கும் அப்படியே. ஆகவே தடுப்புப் பூச்சு அவசியம். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு மூன்று கோட் போட்டு நன்றாகக் காயவிட்டால் போதும். தளம் மிக அதிகமாக உறிஞ்சுவதாக இருந்தால் வண்ணத்திலுள்ள எண்ணெயைக் குடித்துவிட்டு நிறத்தை மங்கலாக்கும். அப்போது இன்னொரு கோட் போட்டுக்கொள்ளுங்கள்.

மீடியம் கலக்கும் முறை

மீடியம் என்பது வண்ணத்தோடு சேர்க்கும் எண்ணெய், கரைப்பான் கலவை. தேவையானவை: சுத்திகரித்த லின்சீட் ஆயில், ஒரு கரைப்பான், மூடியுள்ள சின்னக் கண்ணாடி ஜாடிகள் இரண்டு. கரைப்பான் டர்பன்டைனாகவும் இருக்கலாம், வாசனை நீக்கிய மினரல் ஸ்பிரிட்டாகவும் இருக்கலாம். டர்பன்டைனின் ஆவி தலைவலி தரும், தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. டம்மார் போன்ற பிசின்களை மீடியத்தில் கலக்கப் போவதில்லை என்றால் வாசனை நீக்கியதே போதும். அதிலும் ஆவி உண்டு, மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முதல் ஜாடியில் ஒரு பங்கு எண்ணெய், மூன்று பங்கு கரைப்பான். இது மெலிந்த கலவை. இரண்டாவது ஜாடியில் ஒரு பங்கு எண்ணெய், ஒரு பங்கு கரைப்பான். இது கொழுத்த கலவை. ஜாடியின் மேல் பெயரையும் அளவையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஸ்டாண்ட் ஆயிலை வைத்துச் செய்வதானால், ஒரு பங்குக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு கரைப்பான் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். கெட்டியான எண்ணெய் என்பதால் கரைய நேரம் எடுக்கும்.

இனி வண்ணத்தோடு சேர்ப்பது. மீடியத்தைத் தூரிகையால் தொட்டு நேராகக் கேன்வாஸுக்குக் கொண்டுபோகாதீர்கள், அளவு கட்டுக்குள் நிற்காது. பேலட்டில் வண்ணக் குவியலின் பக்கத்தில் சில துளிகள் விட்டு, பேலட் கத்தியால் கலந்துகொள்ளுங்கள். வண்ணத்தின் அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலான வேலைக்கு அதில் பாதியே போதும். கத்தியால் தூக்கினால் வண்ணம் கூர்முனையாக எழும்பி நிற்க வேண்டும். வழிந்து ஓடினால் அதிகமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வண்ணம் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுக்குகள்: மெலிந்ததன் மேல் கொழுத்தது

ஆயில் பெயிண்டிங்கின் ஆதார விதி இது. எண்ணெய் குறைந்த அடுக்கு சீக்கிரம் காய்ந்து விறைப்பாகும். எண்ணெய் கூடிய அடுக்கு மெதுவாகக் காய்ந்து நெகிழ்வாக நிற்கும். கீழே இருப்பது விறைப்பாகவும் மேலே இருப்பது நெகிழ்வாகவும் இருந்தால் மேலடுக்கு அசைவைத் தாங்கிக்கொள்ளும். தலைகீழாகப் போட்டால், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும் அடுக்கின் மேல் விறைத்த படலம் உட்கார்ந்திருக்கும், ஒருநாள் வெடிக்கும். ஒரே ஓர் அமர்வில் ஈரத்தின் மேல் ஈரமாகவே முடிக்கும் ஓவியத்துக்கு இந்த விதி அவ்வளவாகப் பொருந்தாது. எல்லாம் ஒரே அடுக்காகச் சேர்ந்து காயும். ட்யூப் வண்ணத்தையே பயன்படுத்துங்கள், மீடியமே வேண்டியதில்லை.

பல அமர்வுகளில் செய்யும் ஓவியத்துக்கு இந்த வரிசை.

முதல் அடுக்கில் உருவங்களையும் இருள், வெளிச்சத்தையும் மட்டும் அமைக்கிறோம். ட்யூப் வண்ணத்தில் கொஞ்சம் கரைப்பான், எண்ணெய் எதுவும் வேண்டாம். ரா அம்பர், பர்ன்ட் அம்பர் இரண்டும் இதற்கு அருமையானவை. அவற்றிலுள்ள மாங்கனீஸ் எண்ணெய் காய்வதை வேகப்படுத்தும், பல நேரம் மறுநாளே அடுத்த அடுக்குக்குத் தயாராகிவிடும். கரைப்பானைத் தண்ணீர் மாதிரி ஊற்றி வண்ணத்தைக் கழுவிவிடாதீர்கள். நிறமியைப் பிடித்துவைக்கும் எண்ணெயே இல்லாமல் போய், காய்ந்தபின் விரலில் தூளாக வரும்.

அடுத்தது, முக்கிய வண்ணங்களைப் பரப்பும் அடுக்கு. ட்யூப் வண்ணம் அப்படியே, அல்லது மெலிந்த கலவை சில துளிகள். இங்கே அவசரப்பட வேண்டாம். பெரும்பகுதி வேலை இந்த அடுக்கில்தான் நடக்கிறது. ஒரே நாளில் பூசினாலும் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காயாது என்பதையும் மனதில் வையுங்கள். அம்பர்களும் கோபால்ட் நீலமும் சீக்கிரம். ஐவரி பிளாக், அலிசரின் கிரிம்சன், காட்மியம் வண்ணங்கள், டைட்டானியம் வெள்ளை எல்லாம் மெதுவாக. கருமை வேண்டும் என்று அடித்தளத்திலேயே ஐவரி பிளாக்கைத் தடிமனாகப் பூசுவது நல்லதல்ல. பர்ன்ட் அம்பரோடு அல்ட்ராமரின் கலந்தால் ஆழமான கருமை கிடைக்கும், அடித்தளத்துக்கு அது நம்பகமானது.

பிறகு நுணுக்கங்கள், வண்ண மாற்றங்கள், விளிம்புகள். இங்கே கொழுத்த கலவை. கடைசியாகத் தேவைப்பட்டால் கிளேஸ்.

ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் எவ்வளவு நாள் காத்திருப்பது? கீழடுக்கைச் சுத்தமான விரலால் மெல்லத் தொட்டு, பிறகு நகத்தால் ஓரத்தில் லேசாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மெல்லிய அடுக்கு சில நாட்களில் தயாராகலாம். தடித்தது வாரங்கள் எடுக்கும். 12-ஆம் நூற்றாண்டில் ஓவியக் கலவைகள் பற்றி எழுதிய துறவி தியோஃபிலஸ், ஒரு வண்ணம் காயாமல் அடுத்ததைப் பூச முடியாததால் உருவங்கள் வரைவதில் எண்ணெய் வண்ணம் மிகவும் நீண்ட, சலிப்பூட்டும் வேலை என்று அப்போதே குறைபட்டிருக்கிறார். அவரது சலிப்பு நியாயம்தான். அதற்கு மாற்று ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஓவியங்களில் வேலை செய்வது, வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கரைப்பானே ஒத்துக்கொள்ளாதவர்களும் இந்த வரிசையைக் கடைப்பிடிக்கலாம். முதல் அடுக்கில் ட்யூப் வண்ணத்தை விறைப்பான தூரிகையால் அழுத்தித் தேய்த்து மெலிதாகப் பரப்புங்கள். மேலே போகப் போக எண்ணெயைத் துளித்துளியாகக் கூட்டுங்கள்.

கிளேஸ்

லின்சீட் ஆயிலின் அழகு முழுவதும் தெரிவது இங்கேதான். காய்ந்த வெளிர் அடுக்கின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தை மெல்லிய கண்ணாடி போலப் பரப்பினால், வெளிச்சம் அதன் வழியாகக் கீழே போய்த் திரும்பி வரும். பேலட்டில் கலந்து வரும் நிறத்துக்கு அந்த ஆழம் வராது.

அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின், விரிடியன், தாலோ நீலம் போன்ற ஊடுருவும் நிறமிகளை எடுங்கள். காட்மியம், டைட்டானியம் வெள்ளை எல்லாம் மறைக்கும் தன்மை கொண்டவை, கிளேஸுக்கு ஆகாது. ஸ்டாண்ட் ஆயில் கலவையில் கொஞ்சம் வண்ணத்தைச் சேர்த்து, மென்மையான தூரிகையால் பூசுங்கள். உடனே சுத்தமான துணியாலோ விரல் நுனியாலோ தட்டித் தட்டி, தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். கிளேஸில் பாதி வேலை எடுப்பதுதான். மீடியத்தின் விகிதம் இங்கே கூடுதலாகத்தான் இருக்கும், அதனால் படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. தேங்கி நின்றால் சுருங்கும், மஞ்சளாகும். அழுத்தமான நிறம் வேண்டுமானால் ஒரே தடித்த பூச்சுக்குப் பதில், ஒவ்வொன்றும் காய்ந்தபின் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள்.

மங்கிய இடத்தை மீட்பது

வேலையின் நடுவில் சில பகுதிகள், பெரும்பாலும் கருமையும் பழுப்பும், பளபளப்பு இழந்து வெளுத்துத் தெரியும். மேலே இருந்த எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நேற்று கலந்த நிறம் எது என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஆயிலிங் அவுட் என்பது இதற்கான வைத்தியம். அந்த அடுக்கு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின், எண்ணெயும் கரைப்பானும் சமமாகக் கலந்து, பஞ்சு உதிராத துணியில் கொஞ்சம் தொட்டு மங்கிய இடத்தில் மட்டும் தேயுங்கள். சில நிமிடம் விட்டு, சுத்தமான துணியால் மிச்சத்தை முழுவதும் துடையுங்கள். நிறம் தெளிவாகத் தெரிந்தால் போதும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசுபிசுத்து, தூசி பிடித்து, மஞ்சளாகிவிடும்.

மஞ்சளாவது

லின்சீட் ஆயில் காலப்போக்கில் கொஞ்சம் மஞ்சளாகத்தான் செய்யும். இருட்டில் வைத்தால் அதிகமாகும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அதில் ஒரு பகுதி மறைந்துவிடும். ஓவியர் ரூபன்ஸ் 1629-இல் எழுதிய கடிதம் ஒன்றில், பெட்டிக்குள் அடைபட்ட புது ஓவியம் மஞ்சளாகியிருக்கக்கூடும் என்று கவலைப்பட்டு, அவ்வப்போது வெயிலில் வைத்தால் சரியாகும் என்கிறார். நாம் நேர் வெயிலில் வைக்க வேண்டியதில்லை. சில நிறமிகள் அதில் வெளுக்கும். வெளிச்சமான அறையில் சுவர்ப்பக்கம் திருப்பாமல் காயவிடுங்கள், அது போதும். மற்றபடி, வெள்ளையிலும் வெளிர் நீலத்திலும் மீடியத்தைக் குறைத்துக்கொள்வதே பெரிய பாதுகாப்பு.

பாட்டிலும் தூரிகையும்

பாட்டிலில் காலியிடம் கூடக் கூட, உள்ளே இருக்கும் காற்றே எண்ணெயைத் தடிக்க வைக்கும். பாதி ஆனதும் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள், அல்லது சுத்தமான கண்ணாடிக் கோலிகளைப் போட்டு எண்ணெயின் மட்டத்தைக் கழுத்துவரை உயர்த்துங்கள். கலந்து வைத்த மீடியத்தில் ஆடை படிந்துவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.

தூரிகையில் லின்சீட் தங்கினால் மயிரின் அடியில் கல்லாக இறுகும். முதலில் துணியால் பிழிந்து துடைத்து, கரைப்பானிலோ மெதுவாகக் காயும் சாஃப்ளவர் எண்ணெயிலோ அலசி, கடைசியில் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். அழுக்குக் கரைப்பானைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒருநாள் அப்படியே வைத்தால் வண்டல் அடியில் படியும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். வண்டலை அபாயக் கழிவுகளோடு சேர்க்க வேண்டும்.

வார்னிஷ்

ஓவியம் முடிந்ததும் பளபளப்புக்காக மேலே ஒரு கோட் லின்சீட் ஆயில் பூசலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. அது தூசியைப் பிடித்து மஞ்சளாகும், காய்ந்தபின் ஓவியத்தைக் காயப்படுத்தாமல் அதை எடுக்கவும் முடியாது. வார்னிஷின் நோக்கமே வேறு: அழுக்கான பிறகு கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசக்கூடியதாக இருக்க வேண்டும்.

வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்கிறோம். தடித்த பூச்சுகள் இருந்தால் இன்னும் கூட. சில புதிய செயற்கைப் பிசின் வார்னிஷ்களைச் சீக்கிரமே பூசலாம் என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, வாசனை நீக்கிய மினரல் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சை ஓவியத்தின் ஓரத்தில், மெதுவாகக் காயும் நிறம் இருக்கும் இடமாகப் பார்த்து, மெல்லத் தடவுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் ஒரு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். பஞ்சு வெள்ளையாகவே வந்தால் தூசியைத் துடைத்துவிட்டு வார்னிஷ் பூசலாம்.